சுப்பையன் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனது

காரமடை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள பேக்கரியில் பதினான்கு வருடமாக டீ மாஸ்டராக நிற்கிறார் சுப்பையன். பேக்கரி என்று பேர்தானே ஒழிய, கேக்கும் பப்ஸும் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகுக்கு இருக்கும், ஓட்டமெல்லாம் டீயில்தான். யாருக்கு ஸ்ட்ராங், யாருக்குச் சர்க்கரை கம்மி, யார் டம்ளரை இன்னொரு தடவை கழுவச் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய அப்பா தோட்டத்து வேலைக்குப் போனவர். அந்தக் காலத்து டீக்கடையில் வெளியே நின்று தனி டம்ளரில் வாங்கிக் குடித்தவர். மகன் இன்று அதே ஊரில் எல்லாருக்கும் டீ ஆற்றிக் கொடுக்கிறார். இதைப் பற்றிச் சுப்பையன் பெருமைப்பட்டும் பேசியதில்லை, நொந்தும் பேசியதில்லை. பொதுவாகவே வாய் திறக்காத மனிதர். வாய் திறக்காத ஆளை ஊர் சுலபமாக நல்லவர் என்று சொல்லிவிடும். அந்த நல்ல பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கே பின்னால் கேள்வி வந்தது.

மனைவி பொற்கொடி கர்ப்பப்பைப் புற்றுநோயில் எட்டு மாதம் கிடந்து போய்ச் சேர்ந்தபோது மகள் இளவேனிலுக்கு ஆறு வயது. இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி நாலு பேர் வந்தார்கள். நாலு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தார். லைன் வீட்டில் ஒரே அறை, அதை ஒட்டி ஓர் ஆள் நின்று சமைக்கிற அளவுக்கு அடுப்படி. அதில் அப்பாவும் மகளும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து எழுந்து நாலு வருடத்தை ஓட்டினார்கள். சடை பின்னுவதற்கு அடுத்த வீட்டு நிலோஃபரிடம் கற்றுக்கொண்டார். நிலோஃபர் தையல் மிஷின் வைத்திருப்பவள், அவளுக்கு ஹிபா என்று பதினாலு வயதில் ஒரு பெண். நீங்கள் பின்னுவது சடையா தாம்புக்கயிறா என்று முதலில் கிண்டல் செய்தவள், மூன்றாம் மாதம் வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவு சுத்தமாக இரட்டைச் சடை பின்னினார். விடியும் முன்னே போய்க் கடை பாய்லரைப் பற்றவைத்துவிட்டு, எட்டு மணிக்கு ஓடிவந்து சடை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மறுபடி கடைக்கு ஓடுவார். வழியெல்லாம் மகள் பேசுவாள், அப்பா "ம்" கொட்டுவார். இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

ஒன்பது வயது முடிந்த சமயத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடப் பையின் வார் பட்டால் நெஞ்சு வலிக்கிறது என்று இளவேனில் சொன்னாள். சுப்பையனுக்குச் சுருக்கென்றது. நோவு என்ற சொல்லைக் கேட்டாலே பொற்கொடியின் ஞாபகம் வந்துவிடுகிற மனிதர். ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த நர்ஸம்மா குழந்தையை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வளர்ற புள்ளைக்கு வர்ற வலிதான், இப்பெல்லாம் ஒம்பது, பத்து வயசுலயே வந்துருது. இன்னொரு வருசத்துல பெரியவளாயிருவா. அம்மா இல்லாத புள்ள, முன்னாடியே நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லி வெக்கோணும். இல்லீன்னா பயந்துபோடும்."

சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தார். அந்த ஒரு வருடம் பூராவும் பாய்லர் முன்னால் நின்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கண்ணு, பொம்பளப் புள்ளைகளுக்கு ஒரு வயசுல... என்று ஆரம்பிப்பார், அதற்குள் யாராவது ரெண்டு டீ என்பார்கள். வீட்டுக்கு வந்து மகளின் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். சொல்ல முடியாத குறையைச் செய்து தீர்க்கப் பார்த்தார். கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு பஸ் ஏறி, ஜவுளிக்கடையில் பெண்கள் மாடிக்குப் போய், சிம்மீஸ் வேண்டும் என்று கேட்டார். என்ன சைஸ் என்றாள் கடைப்பெண். சுப்பையன் தன் இடுப்புக்கு மேலே கையை வைத்து, இந்த உயரம் இருப்பாள் என்றார். அக்கம்பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மூன்று வாங்கி வந்தார், மூன்றும் தொளதொளவென்று இருந்தன. நிலோஃபர் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றுகிற வேலையையும் அவளிடமே விட்டுவிட்டார். ஏன் நீ ஊற்றுவதில்லை என்று மகள் கேட்டதற்குக் கடையில் வேலை என்று சொல்லிவிட்டு, வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். மகள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சுப்பையன் கெட்டியாக இருந்தார். ஐந்தாவது முடித்ததும் மேட்டுப்பாளையத்துப் பெண்கள் பள்ளியில் ஆறாவது சேர்க்க வேண்டும். காலையில் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சாயங்காலம் ஸ்டாப்பில் போய் நின்று கூட்டிவர வேண்டும். பேக்கரி முதலாளி செங்கோட்டையனிடம் பேசி, நாலு மணியிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரம் வாங்கியிருந்தார். கூட்டம் வருகிற நேரம் அதுதான் என்று முதலாளி முகத்தைச் சுளித்தார். பதினான்கு வருடத்தில் சுப்பையன் கேட்ட முதல் சலுகை என்பதால் சரியென்றார். மகள் படிக்க வேண்டும், சாயங்காலம் தன்னிடம் வந்துசேர வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் வேண்டியது இந்த இரண்டும்தான்.

மாசித் தேர் முடிந்து மூன்றாம் நாள். தேருக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை; பேக்கரியில் நிற்க இடமில்லை. பதினோரு மணிக்கு நிலோஃபர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கே வந்து, ஓரமாகக் கூப்பிட்டாள். இளவேனில் பள்ளியிலிருந்து யாரிடமும் சொல்லாமல் நடந்தே வந்து, லைன் வீட்டுக் கக்கூஸுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதிருக்கிறாள். நிலோஃபர் அரைமணி நேரம் கெஞ்சிய பிறகுதான் கதவைத் திறந்தாளாம்.

"எங்கம்மாளுக்கு வந்த நோவு எனக்கும் வந்துருச்சுங்க அத்தை, அப்பாகிட்டச் சொல்லாதீங்க, அப்பா அழுகும்னு சொல்றா அண்ணா. நீங்க இன்னும் அந்தப் புள்ளைகிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

சுப்பையனுக்குப் பின்னால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அந்த நிமிடம் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டு, நோவு இல்லை கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. இவர் என்ன செய்தார்? சிறுமுகையில் இருக்கும் அக்கா மாரியாத்தாளுக்குப் போன் போட்டார். முறை தெரிந்தவள் அவள்தான். அக்கா போனிலேயே சட்டம் போட்டாள்: நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டுப் பக்கம் போகாதே. தண்ணி ஊற்றுகிற வரைக்கும் ஆம்பளைகள் அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது, பெற்ற அப்பனாக இருந்தாலும் சரி. வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரே போய்த் தாய்மாமனுக்கு முதலில் சொல்லு. போனில் சொன்னால் மரியாதை இல்லை.

அப்படியே செய்தார். வீடு ஐந்து நிமிட நடையில் இருந்தது. அங்கே போகாமல், மேட்டுப்பாளையம், சத்தி என்று பஸ் மாறி மாறி அந்தியூர் போனார். பொற்கொடியின் அண்ணன் தமிழ்ச்செல்வன் அங்கே எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு, தங்கச்சி இருந்து பார்க்கவில்லையே என்று தேம்பி அழுதார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. அந்த நல்ல மனிதரைத் தேடிப்போய்த் தன் மகளுக்கு உரிமைக்காரராக ஆக்கிவைத்தது சுப்பையன்தான்.

பதினோரு நாள் அறையின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்து, இளவேனிலை அதற்குள் உட்காரவைத்தாள் மாரியாத்தாள். தனித் தட்டு, தனி டம்ளர், உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை. சுப்பையன் பேக்கரி வாசலில் பெஞ்சைப் போட்டுப் படுத்துக்கொண்டார். சாமான் வாங்கிவந்து வாசற்படியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி திரும்பிவிடுவார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சேலைக்கு உள்ளேயிருந்து "அப்பா" என்று குரல் வந்தது. நின்றார். "கணக்குப் பரீட்சை என்னைக்குன்னு டீச்சர்கிட்டக் கேக்கறயாப்பா?" என்றாள். திரும்பிப் பதில் சொல்ல வாயெடுத்தார். மாரியாத்தாள் கண்ணைக் காட்டினாள். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டீச்சரிடம் கேட்டு, தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்தார். குழந்தைக்கு வேண்டியது அந்தத் தேதி அல்ல என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் முறைக்குப் பயந்தார். முறையை மீறினால் தாயில்லாத பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்.

பதினோராம் நாள் மாமன் சீர். தமிழ்ச்செல்வன் வேன் பிடித்து, இருபத்தொரு தட்டோடு வந்து இறங்கினார். லைன் வீட்டு முகப்பில் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். பூப்பு நன்னீராட்டு விழா என்று பெரிய எழுத்தில் போட்டு, நடுவில் இளவேனில் படம். அந்தப் படத்தில் அவளுக்கு முன்பல் ஒன்று பாதிதான் முளைத்திருந்தது. அவள் படிக்கிற பள்ளிக்கு அதுதான் வழி. ஐந்தாம் வகுப்புப் பையன்கள் எல்லாரும் நின்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் பரீட்சை எழுதப் போனவள், முதல் நாள் வந்ததும் பையை எறிந்துவிட்டு ஹிபாவின் மடியில் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வழியில் பேசுவதை நிறுத்தினாள். சுப்பையனுக்கு "ம்" கொட்டக்கூட வழியில்லாமல் போனது.

மாரியாத்தாள் ஊருக்குக் கிளம்பும்போது தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, வயதுக்கு வந்த பெண் இருக்கிற ஒற்றை அறையில் இனி நீ படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையும் கேட்டுக்கொண்டார். ராத்திரித் துணைக்கு ஹிபா வந்து படுத்துக்கொண்டாள். அவர் பேக்கரி பெஞ்சிலேயே நிரந்தரமாகத் தங்கினார். மகளின் சடையை இப்போது ஹிபா பின்னினாள். தன் வீட்டுக்கே விருந்தாளிபோல வந்து, வாசலில் நின்று, சாப்பிட்டாயா கண்ணு என்று கேட்டுவிட்டுப் போனார்.

மே மாத நடுவில் தமிழ்ச்செல்வன் மறுபடி வந்தார். ஆறாவதுக்கு அந்தியூரிலேயே சேர்த்துவிடலாம், தன் வீட்டில் மூன்று ரூம் இருக்கிறது, ராசம்மாள் இருக்கிறாள், தன் பெண்கள் இரண்டு பேரோடு இவளும் மூன்றாவதாக இருக்கட்டும் என்றார். ராசம்மாள் அவர் மனைவி. மேட்டுப்பாளையம் பள்ளியைப் பற்றிச் சுப்பையன் சொன்னார். முதலாளியிடம் நேரம் வாங்கி வைத்திருப்பதையும் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

தமிழ்ச்செல்வன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் உங்களத் தப்பாச் சொல்லலீங்க மாப்ள. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? ஆனா பொம்பள இல்லாத ஊடு. ஒத்த ரூம்பு. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுனா, அந்தப் புள்ள வாழ்க்கை என்னாகறது?"

அந்தப் பேச்சுக்கு அடியில் கிடந்தது என்னவென்று சுப்பையனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போனது. நாலு வருடமாகச் சடை பின்னின கையை மடியில் வைத்துப் பார்த்தார். அதைப் பற்றியா பேசுவார்கள்? பேசுகிறவன் வாயில் கொதிக்கிற பாலை ஊற்றலாம் என்று ஆத்திரம் வந்தது. ஆனால் எதிரே நிற்பது ஊர் அல்லவே, பொற்கொடியின் அண்ணன். ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு, பாப்பாவைக் கேளுங்கள், அவள் சொல்கிறபடி செய்யலாம் என்றார். அவள் தன்னை விட்டுப் போகமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னார்.

இளவேனிலைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "மாமா ஊட்டுக்கே போறேனுங்க" என்றாள். அதற்குமேல் யார் என்ன பேசுவது? மாற்றுச் சான்றிதழைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தார். துணிகளை ஹிபா மடித்து வைத்தாள். பஸ்ஸில் ஏற்றிவிடும்போது எல்லாருக்கும் கையசைத்த மகள், அவரைப் பார்த்து மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தன்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார் சுப்பையன். பதினோரு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அப்பனை எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? இது தனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது.

அவள் போன பிறகு பெஞ்சை விட்டு வீட்டில் போய்ப் படுத்துப் பார்த்தார். இரண்டு ராத்திரி தாங்கவில்லை. கண்ணாடி ஓரத்தில் அவள் ஒட்டிவிட்டுப் போன பொட்டும், கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய யூனிஃபார்மும் படுக்கவிடவில்லை. பெஞ்சுக்கே திரும்பிவிட்டார். குளிக்கவும் துணி மாற்றவும் மட்டும் வீடு. முதலாளி கொடுத்த ஒரு மணி நேரத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, முதலாளியும் ஞாபகப்படுத்தவில்லை. நிலோஃபர்தான் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் சண்டைக்கு வந்தாள்: அனுப்பிவிட்டு இப்படிச் செத்தவன்போலத் திரிவதற்கு, போய் அந்தப் பிள்ளையிடம் வாய் திறந்து பேசுங்கள், நீங்கள் பேசாததால்தான் இவ்வளவும் வந்தது என்றாள்.

செப்டம்பரில், காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் போனார். தமிழ்ச்செல்வன் வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூட கேட்டில் நின்றார். சாப்பாட்டு மணி அடித்ததும் வாட்ச்மேனிடம் சொல்லிக் கூப்பிட்டார். புது யூனிஃபார்மில் இளவேனில் வந்தாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். ராசம்மாள் நன்றாகத்தான் கவனித்துக்கொள்கிறாள் என்று தெரிந்தது. கேட்டை ஒட்டியிருந்த வேப்பமரத்தடியில் நிற்கவைத்து, பஸ்ஸில் வழியெல்லாம் உருப்போட்டு வந்ததைச் சுப்பையன் சொல்லி முடித்தார். முறை என்று சொன்னார்கள் கண்ணு, அதனால்தான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, அது அப்பன் செய்த தப்பு, உன்மேல் ஒரு குறையும் இல்லை என்றார். நர்ஸம்மா சொல்லச் சொன்னதைச் சொல்லாமல் விட்டதும் தன் தப்பு என்றார். அவள் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த வருசம் ஏழாவதுக்கு அங்கயே வந்துர்றயா கண்ணு?" என்றார் கடைசியாக.

"நான் வந்தா நீங்க எங்கப்பா படுப்பீங்க?"

சுப்பையனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"நான் இருந்ததுனாலதான நீங்க ஊட்டுக்குள்ளயே வரல. மே மாசம் பொறந்ததும் பேஞ்ச மழையில அந்த பெஞ்சுல நனைஞ்சு உங்களுக்குக் காச்சல் வந்துச்சாமா, ஹிபா அக்காதான் சொன்னா. நான் போயிட்டா நீங்க உள்ள படுத்துக்குவீங்கல்ல, அதுக்குத்தான் மாமா கேட்டப்பப் போறேன்னு சொன்னேன். எனக்கு இங்க ஒண்ணும் கஷ்டமில்லீங்கப்பா."

பத்து வயதுப் பிள்ளை காலண்டரைப் பார்த்துக்கொண்டு என்ன கணக்குப் போட்டிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மணி அடித்தது. தோழிகள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப ஊட்டுக்குள்ளதானப்பா படுக்கறீங்க?"

"ஆமா கண்ணு," என்றார் சுப்பையன். "ஊட்டுலதான் படுக்கறேன்."

இளவேனில் முகம் தெளிந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் முழுசாக வளர்ந்திருந்தது. பிறகு வகுப்புக்கு ஓடிவிட்டாள்.